ஈறு காத்தால் பல் காக்கும்

எமது பாட்டனார் இரத்தோட்டை மலைப்பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே நாற்பதாண்டு காலம் உழைத்தவர். மலையேறுவதிலும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதிலும் அவருக்கு நிகர் அவரே என்று லயத்தார் சொல்லுவார்கள். அத்தகைய உடற்கட்டு வாய்ந்தவருக்கு நாற்பத்தைந்து வயது நிரம்புமுன்பே வாயில் ஒரு பல்லேனும் எஞ்சியிருக்கவில்லை. ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக் குழைத்தே உண்பார். "சொத்தையுமில்லை, பூச்சியுமில்லை, ஒவ்வொன்றாய் ஆடி ஆடித் தானாகவே கையோடு வந்துவிட்டது" என்று அவர் சொல்லுவது வழக்கம். கேட்டவர்கள் உடற்சூடு என்றார்கள்; மலைத் தண்ணீர் என்றார்கள்; தலையெழுத்து என்றார்கள். காரணம் இன்னதென்று எவரும் அறிந்திலர்.

பல ஆண்டுகளின் பின்னர், எமது தாயாருக்கும் ஈறு வீங்கி நோவெடுத்தது. காலையிற் பல் துலக்கும்போது வாய் கொப்பளித்த நீர் சிவந்திருக்கக் கண்டு அவர் அஞ்சினார். அஞ்சியதனால் செய்தது என்ன? இரத்தம் வரும் பக்கத்திற் பிரஷ் படாதபடி மறுபக்கத்தை மட்டும் துலக்கலானார். நம் குடும்பங்களிற் பெரும்பாலானோர் செய்வதும் இதுவே. புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறும் என்பது நமது எண்ணம். ஆனால் ஈறு நோவைப் பொறுத்தமட்டில், அவ்வெண்ணமே பல்லுக்கு எமனாய் முடிகின்றது. அஃது எங்ஙனம் என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஈறு என்பது யாது?

மலைநாட்டில் நாம் ஈறு என்றும், யாழ்ப்பாணத்தார் முரசு என்றும் வழங்குவது, பல்லின் அடியைச் சூழ்ந்து நிற்கும் தசையையே. பல் தாடையெலும்பின் குழியொன்றிலே நுண்ணிய நார்களாற் பிணிக்கப்பட்டு நிற்கின்றது. அப்பிணைப்புக்கும் எலும்புக்கும் மேலே போர்வை போன்று அமைந்து, வாயிலுள்ள கிருமிகள் உள்ளே புகாதவாறு காவல் புரிவது ஈறு. நலமுள்ள ஈறு இறுகியிருக்கும். பல்லோடு ஒட்டி நிற்கும். துலக்கும்போது இரத்தம் கசியாது. அதன் நிறம் இளஞ்சிவப்பென்பர். எனினும், நம்மவர்களுள் பலருக்கு ஈற்றிலே இயற்கையாகவே கருமை படர்ந்திருப்பதுண்டு; அது நோயன்று. வீக்கம், மென்மை, கசியும் இரத்தம், வாய் நாற்றம், பல்லைவிட்டு ஈறு விலகி நிற்றல் என்பனவே கவனிக்கவேண்டிய குறிகள்.

முதற் காரணம்

ஈறு நோவுக்குக் காரணங்கள் பலவாயினும், அவற்றுள் தலையாயது பல்லின் அடியிற் படியும் வழுவழுப்பான படலமே. துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே அது மீண்டும் படியத் தொடங்குகின்றது. நகத்தாற் சுரண்டினால் வெண்மையாய் ஒட்டிக்கொண்டு வருவது அதுவே. உணவின் எச்சம் என்று நாம் கருதும் இப்படலம், உண்மையில் உயிருள்ள கிருமிகளின் குடியிருப்பாகும். இதனை முதன்முதலிற் கண்டவர் ஒல்லாந்து நாட்டிலே டெல்ப்ட் நகரில் துணி வாணிகம் செய்த அந்தோனி வான் லீவன்ஹூக் என்பவர். 1683ஆம் ஆண்டிலே, தாமே தேய்த்தெடுத்த சிறு வில்லையினூடாகத் தமது பல் அழுக்கை நோக்கிய அவர், அதனுள்ளே எண்ணற்ற நுண்ணுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்து எழுதினார்.

ஆனால் அந்நுண்ணுயிர்ப் படலந்தான் ஈற்றைப் புண்படுத்துகின்றது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது 1965இலேதான். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரிலே, நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் பல் வைத்திய அறிஞரும் அவருடைய துணைவர்களும் எளியதொரு சோதனை செய்தார்கள். நலமுள்ள ஈறு வாய்ந்த பன்னிருவர் பல் துலக்குவதை முற்றாக நிறுத்தினார்கள். அவ்வளவே. 10 நாள் முதல் 21 நாளுக்குள் பன்னிருவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. பின்னர் அவர்கள் மீண்டும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் ஈறு பழைய நலத்தை அடைந்தது.

இச்சோதனை நமக்குக் கூறும் செய்தி மிகத் தெளிவானது. இரத்தம் கசிவது பிரஷ் பட்டதனாலன்று, பிரஷ் படாதுபோனதனாலேயே. ஆதலின் ஈற்றில் இரத்தம் கண்டவர் துலக்குவதை நிறுத்துதல் கூடாது. மென்மையாகவும் முன்னிலும் கவனமாகவும் துலக்குதல் வேண்டும். எமது தாயார் செய்தது இதற்கு நேர்மாறானது.

படலத்தை அகற்றாது விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்து அதிலே படிந்து சில நாளிலேயே இறுகத் தொடங்கும். அதுவே பற்காரை எனப்படும். கல்லைப்போல் ஒட்டிக்கொள்ளும் அதனைப் பிரஷினால் எவ்வளவு தேய்த்தும் அகற்றவியலாது. அதன் சொரசொரப்பிலே மேலும் படலம் சேரும். நாளடைவில் அழற்சி ஈற்றின் கீழே இறங்கும், பல்லைப் பிணித்திருக்கும் நார்கள் அறும், எலும்பு கரையும், பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற பள்ளம் தோன்றும். ஈற்றின் மேலெழுந்த அழற்சி முற்றாக மாறக்கூடியது. கரைந்த எலும்போ பெரும்பாலும் மீள்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே நாம் விழிப்பாயிருக்கவேண்டிய காலம்.

மலைநாடு உலகுக்குச் சொன்ன சாட்சி

நிற்க, இந்நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் ஒரு பெரும் பகுதி, நமது மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்தே அறியப்பட்டது என்பதை வாசகர்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்?

மேலே கூறிய ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970இல் இலங்கைக்கு வந்து, நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களிலே 480 ஆண் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்தார்கள். அத்தொழிலாளர்கள் தமிழர்கள். உடல் வலிமை மிக்கவர்கள். பல் வைத்தியம் எதனையும் கண்டறியாதவர்கள். பிரஷ் கொண்டு பல் துலக்கும் வழக்கமும் அவர்களிடையே இருக்கவில்லை. ஈறு நோய் தடையேதுமின்றித் தன் போக்கில் விடப்பட்டால் எங்ஙனம் வளரும் என்பதை அறிவதே ஆய்வாளரின் நோக்கம். 1985 வரை பதினைந்து ஆண்டுகளாக அவர்கள் பலமுறை வந்து அதே மனிதர்களைத் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். இறுதியிற் பரிசோதனைக்குக் கிடைத்தவர் 161 பேர்.

கண்ட முடிவு யாது? ஈற்றழற்சி ஏறக்குறைய அனைவருக்கும் இருந்தது. ஆனால் அதன் விளைவு எல்லார்க்கும் ஒருபடித்தாக அமையவில்லை. நூற்றுக்கு 8 பேரிடம் நோய் காட்டுத்தீப் போலப் பரவிற்று. அவர்களுக்கு இருபது வயதளவிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதிற் பன்னிரண்டு பற்களும், 40 வயதில் இருபது பற்களும், 45 வயதில் அத்தனை பற்களும் போய்விட்டன. நூற்றுக்கு 81 பேரிடம் நோய் மெல்ல வளர்ந்தது. 45 வயதில் அவர்கள் இழந்தவை சராசரி ஏழு பற்கள். எஞ்சிய 11 பேருக்கு ஈறு சிவந்திருந்ததேயன்றி ஒரு பல்லும் விழவில்லை. இவர்களிடையே பற்சொத்தை ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். ஆதலின் விழுந்த பற்களெல்லாம் ஈறு நோயினாலே விழுந்தவை எனக் கொள்ளப்பட்டது.

இதனைப் படித்தபோது எமது பாட்டனாரின் சொல் நினைவுக்கு வந்தது. "சொத்தையுமில்லை, பூச்சியுமில்லை" என்றாரே, அவர் பொய் சொல்லவில்லை. பூண்டுலோயாவில் அந்த எட்டுப் பேருக்கு நேர்ந்ததே இரத்தோட்டை மலையில் அவருக்கும் நேர்ந்திருக்கவேண்டும். அவரைப் பரிசோதிக்க ஒருவரும் வரவில்லை என்பது மட்டுமே வேற்றுமை.

அதே ஆய்வாளர்கள் தமது தாய்நாட்டிலும், ஒஸ்லோ நகரத்து மாணவரையும் கற்றோரையும் இவ்வாறே பின்தொடர்ந்து பரிசோதித்தார்கள். அவர்கள் குழந்தைப் பருவந்தொட்டுப் பற்சிகிச்சை பெற்று வந்தவர்கள். 1978இல் வெளியான ஒப்பீட்டின்படி, நாற்பது வயதை அணுகும்போது பல்லின் பிணைப்பு நோர்வே நாட்டவருக்குச் சராசரி 1.5 மில்லிமீற்றர் அளவே குறைந்திருந்தது, நம்மவருக்கோ 4.5 மில்லிமீற்றர் குறைந்திருந்தது.

நாற்பதாண்டு கழித்து, 2010இல், வேறோர் ஆய்வுக் குழுவினர் மீண்டும் அத்தோட்டங்களுக்குச் சென்று, முன்னைய 480 பேருள் 75 முதியவர்களைக் கண்டு பரிசோதித்தார்கள். அவருள் பலரிடம் நோய் முற்றியிருந்தது. சராசரி பதின்மூன்று பற்கள் இழக்கப்பட்டிருந்தன. 2017இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவுரை ஒவ்வோர் இளைஞனும் மனத்திற் பதிக்கத்தக்கது: முப்பது வயதுக்கு முன்பே ஈறு நோயைக் கவனித்தல் வேண்டும், புகைத்தலை விடுதல் வேண்டும், பற்காரையை அகற்றுவித்தல் வேண்டும்.

ஒரு பிரஷையும் சிறிது போதனையையும் அன்றே அவர்களுக்கு அளித்திருக்கலாகாதா என்னும் கேள்வி நம் நெஞ்சில் எழாமலிராது. அது நியாயமான கேள்வியே. அக்காலத்தில் அவர்களுக்கு எட்டாதிருந்த அவ்வறிவு இன்று நமக்கு எட்டியிருக்கின்றது. அவர்கள் இழந்த பற்களின் பெறுமதியை உணர்வோமாயின், அவர்தம் பேரப்பிள்ளைகளின் வாயிலேனும் அந்நோய் வளர விடலாகாது.

பிற காரணங்கள்

ஈறு நோவென்று வருவோர் அனைவருக்கும் காரணம் ஒன்றேயென எண்ணிவிடுதலும் தவறு. குடும்பத்தார் அறிந்திருக்கவேண்டிய வேறு சிலவற்றைக் கீழே தருகின்றோம்.

வெற்றிலையும் புகையிலையும்: விருந்தினருக்குத் தாம்பூலம் வழங்குதல் நமது பண்பாடு. ஆயினும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து நாள்தோறும் மென்று கன்னத்தில் அடக்கி வைப்பதனால், ஈறு தேய்ந்து பல்லின் வேர் வெளிப்படும். அதனினும் பெரிய ஆபத்து வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலை துணையென்று மலையில் உழைக்கும் தாய்மார் சொல்லுவர். அவர்களைக் கடிந்துகொள்வதாற் பயனில்லை. முதலிற் புகையிலையையும் பின்னர் பாக்கையும் விட அவர்களுக்குத் துணை நிற்பதே பிள்ளைகளின் கடமை. சிகரட், பீடி புகைப்பவர்க்கு இன்னுமொரு மறைவான தீங்குண்டு. புகை ஈற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதனால், உள்ளே நோய் முற்றினும் வெளியே இரத்தம் கசிவதில்லை. எச்சரிக்கைக் குறி தோன்றாமலே பல் ஆடத் தொடங்கிவிடும்.

நீரிழிவு: இரத்தத்திற் சீனி மிகுந்தவர்க்கு ஈறு நோய் எளிதில் பற்றும், ஈறு நோய் மிகுந்தவர்க்குச் சீனியைக் கட்டுப்படுத்துதலும் கடினமாகும். ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரு நோய்களையும் சேர்த்தே கவனித்தல் வேண்டும். ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் கட்டுமாயின், இரத்தச் சீனியையும் பரிசோதித்துக்கொள்வது நலம்.

தாய்மை: கருவுற்ற காலத்தில் உடலிலே சுரக்கும் சில சுரப்புக்களின் மாறுதலால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். "பிள்ளைக்கொரு பல் போகும்" என்று பாட்டிமார் சொல்வதில் உண்மையில்லை. ஒழுங்காகத் துலக்கினால் ஒரு பல்லும் போகவேண்டியதில்லை. கருவுற்ற தாய்மார் பற்சிகிச்சை பெறலாகாது என்பதும் தவறான எண்ணமே. தாம் கருவுற்றிருப்பதைப் பல் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாற் போதும்.

உணவுக் குறை: உயிர்ச்சத்து 'சீ' நெடுநாள் கிட்டாதவர்க்கு ஈறு ஊதிக் குருதி வடியும். பண்டைக் கடலோடிகளைக் கொன்று குவித்த அந்நோய்க்கு, 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் பன்னிரு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, தோடம்பழமும் தேசிப்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினார்கள். வீட்டு முற்றத்தில் கொய்யாவும் நெல்லியும் காய்க்கும் மாத்தளையிலே இக்குறைக்கு நியாயமில்லை. ஆயினும் சோறும் ரொட்டியுமே உணவாகக் காய்கனியின்றி வாழ்வோரும், தனித்து வாழும் முதியோரும் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

மருந்துகள்: வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பினிற்றோயின், இரத்த அழுத்தத்திற்கான நிபெடிபீன், அம்லோடிபீன் முதலியவை சிலரிடம் ஈற்றைத் தடிக்கச் செய்யும். அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. வைத்தியரிடம் கூறினால் அவர் தக்கது செய்வார்.

ஞானப் பல்லும் பரீட்சைக் காலமும்: பதினேழு வயது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்குக் கடைவாயின் ஓரத்திலே ஞானப் பல் பாதி வெளிவந்து நிற்கும்போது, அதன்மேல் மூடிய ஈற்றின் கீழ் உணவு சிக்கி வீக்கமும் நோவும் உண்டாகும். இன்னொரு வகை நோயுமுண்டு. இரவிரவாக விழித்திருத்தல், மனக் கவலை, உணவைக் கைவிடுதல், புகைத்தல் என்பன சேரும்போது, பற்களுக்கிடையே ஈறு திடீரெனப் புண்ணாகிச் சாம்பல் நிறம் படர்ந்து, தாங்கொணா நோவும் துர்நாற்றமும் தோன்றும். இது தாமதிக்கக்கூடிய நோயன்று. உடனே பல் வைத்தியரை நாடவேண்டும்.

கட்டுப்பல்: பெரியோர் பலர் கட்டுப்பல்லை இரவும் பகலும் கழற்றாமலே வைத்திருப்பர். அதன் கீழே ஈறு சிவந்து எரியும். இரவிலே அதனைக் கழற்றிக் கழுவி நீரிலிட்டு வைத்தல் வேண்டும்.

டெங்கு: காய்ச்சலுடன் ஈற்றிலிருந்து இரத்தம் கசியுமாயின் அது பல்லின் நோயன்று, டெங்கு நோய் ஆபத்தான நிலையை அடைவதன் அறிகுறியாயிருக்கலாம். கணமும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைக. அத்தகைய காய்ச்சலில் அஸ்பிரின், இபுபுரூபன் ஆகியவற்றைக் கொடுத்தல் கூடாது. அரிதாக, இரத்தப் புற்றுநோய் போன்ற கொடிய நோய்களும் ஈற்று வீக்கமாகவும் காரணமற்ற இரத்தக் கசிவாகவும் முதலில் தோன்றுவதுண்டு. நன்கு துலக்கியும் இரு வாரத்தில் மாறாத கசிவை இலேசாக எண்ணாதீர்கள்.

கைவைத்தியம்: ஏற்பனவும் தவிர்ப்பனவும்

மாத்தளை வாசனைத் திரவியங்களின் நாடு. தம்புள்ளைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் கராம்பு, கறுவா, சாதிக்காய், மிளகு என்பன மணக்கும் தோட்டங்களைக் காணலாம். பல் நோவென்றதும் கராம்பை மென்று அடக்கிக்கொள்வது இங்குள்ளார்க்குக் கைவந்த வைத்தியம். இதில் உண்மையுண்டு. கராம்பிலுள்ள யூஜினோல் என்னும் சத்து நரம்பின் உணர்ச்சியைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களும் தமது மருந்துக் கலவைகளில் அதனைச் சேர்ப்பதுண்டு. ஆனால் அது நோவை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. கராம்பெண்ணெயைக் கலப்பின்றி ஈற்றில் தடவினால் ஈறே வெந்துபோகும்; குழந்தைகளுக்கு அது நஞ்சாகவும் முடியும்.

உப்பு நீர் கொப்பளித்தல் எளியதும் நல்லதுமான சிகிச்சை. ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். நோவு தணிய, உரிய அளவில் பரசிற்றமோல் உட்கொள்ளலாம். அஸ்பிரின் குளிகையைப் பொடித்து ஈற்றில் வைத்து அடக்குவோர் உளர். அது ஈற்றைச் சுட்டுவிடும். அவ்வாறு ஒருபோதும் செய்யாதீர்கள்.

உமிக்கரியும் செங்கற்பொடியும் அடுப்புச் சாம்பலும் பல்லை வெண்மையாக்குவதுபோலத் தோன்றினும், நாளடைவில் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து ஈற்றையும் கிழிக்கும். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்னும் பழமொழியை மறந்துவிட வேண்டியதில்லை. பிரஷ் கிட்டாதவிடத்து வேப்பங்குச்சியை நுனி மென்று தூரிகையாக்கி மெல்லத் துலக்குதல் வெறுவாயோடு இருப்பதிலும் மேலானது. எனினும் பற்களின் உட்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் அது எட்டாது என்பதை நினைவிற் கொள்க.

கடைகளில் விற்கும் மருந்து நீர்களுள் குளோரெக்சிடின் சேர்ந்தது கிருமிகளை அடக்க வல்லது. ஆயினும் வைத்தியர் சொன்ன நாளளவுக்கே, பெரும்பாலும் இரு வாரத்துக்கே, பயன்படுத்தத்தக்கது. நெடுநாள் பயன்படுத்தினாற் பல்லிற் கறை படியும். முன்பு யாருக்கோ கொடுத்து எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லிக் குளிகைகளைத் தாமாகவே விழுங்குதல் அறவே ஆகாது.

துலக்கும் முறை

மென்மையான தும்புகளுள்ள சிறிய பிரஷைத் தேர்ந்தெடுங்கள். ஈறும் பல்லும் சேரும் விளிம்பை நோக்கிச் சரிவாகப் பிடித்து, சிறு சிறு அசைவுகளால் இரண்டிரண்டு பற்களாகத் துலக்குங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்னும் மூன்றும் முடிய இரண்டு நிமிடமாவது ஆகும். சட்டி தேய்ப்பதுபோல் வலிந்து தேய்த்தால் ஈறு தேய்ந்து கீழிறங்கும். காலையிலும், இரவில் உறங்கப் போகுமுன்பும் துலக்குதல் வேண்டும். இரண்டிலும் இரவே முக்கியமானது. உறங்கும்போது உமிழ்நீர் குறைவதனாற் கிருமிகளின் ஆட்சி அப்பொழுதே ஓங்கும். நம்மவர் காலையில் மட்டும் துலக்கி, இரவில் இனிப்பான தேநீர் பருகிப் படுப்பது பெருந்தவறு.

புளோரைட் கலந்த பற்பசையைப் பயன்படுத்துங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவும், அதற்கு மேற்பட்டு ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் பசை போதும். தும்பு விரிந்துவிட்டாலோ மூன்று மாதம் கடந்தாலோ பிரஷை மாற்றவேண்டும். ஒரு பிரஷைக் குடும்பத்தார் பலர் பகிர்ந்துகொள்ளுதல் தகாது. பற்களின் இடுக்குகளைத் துப்புரவு செய்யப் பல்லிடை நூலோ இடுக்குப் பிரஷோ உதவும். ஊசியும் தீக்குச்சியும் உதவா. ஆறேழு வயது வரை பிள்ளைகளின் பல்லைத் தாயோ தந்தையோ துலக்கிவிடுதல் நன்று. பல் முளைக்கும் பாலகனுக்கு ஈறு நோவெடுத்தால், சுத்தமான விரலால் மெல்லத் தடவுவதும், குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பதும் போதுமானவை. மரக்கச் செய்யும் களிம்புகளை வைத்தியரைக் கேளாமல் தடவாதீர்கள்.

பல் வைத்தியரிடம் அஞ்சுவானேன்?

எமது தாயாரை மாத்தளை நகருக்கு அழைத்துச் செல்ல நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. "காரையைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும், நல்ல பல்லையும் பிடுங்கிவிடுவார்கள்" என்று அயலார் சொல்லியிருந்தனர். இவ்வச்சம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. அதன் காரணத்தை அறிந்தால் அச்சம் நீங்கும். நெடுநாட் படிந்த காரை, எலும்பு கரைந்த பற்களுக்கிடையே சாந்து போல நின்று அவற்றைப் பிடித்திருக்கின்றது. அது நீங்கியதும் ஈற்று வீக்கமும் வற்றுவதனால், பல்லிடையே வெளி தோன்றுகின்றது. சிலவேளை பல் சிறிது ஆடுவதுபோலும் இருக்கின்றது. ஆட்டம் கண்டது காரையை அகற்றியதனாலன்று; காரை முன்பே செய்திருந்த அழிவு அப்பொழுதுதான் புலனாகின்றது. பிணைப்பு முற்றாக அழியாவிடத்து, சில கிழமைகளில் ஈறு இறுகிப் பல்லைப் பற்றிக்கொள்ளும்.

நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளிலுள்ள பற்சிகிச்சைப் பிரிவுகளிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். நோய் முற்றியவர்களை அவர்களே பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். ஒரு நாட்சம்பளம் போகுமே என்று எண்ணித் தோட்டத்தார் பலர் நாள் கடத்துகின்றனர். பல் ஒவ்வொன்றாய் விழுந்தபின் கட்டுப்பல்லுக்காகப் போகும் நாட்களையும் பணத்தையும் எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு நாள் இலாபமே என்பது விளங்கும்.

கீழ்க்காணும் குறிகள் தோன்றினால் கைவைத்தியத்தில் காலங் கழித்தல் ஆகாது. முகமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சல் காண்பதும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்படுவதும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய ஆபத்துக்கள். இரு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, மிளகாய்க் காரம் தாங்காத எரிவு, வாய் வரவரக் குறுகித் திறக்க இயலாமை ஆகியவை வாய்ப்புற்றுக்கு முன்னோடியாகலாம். வெற்றிலை மெல்லும் வழக்கமுடையோர் இவற்றைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

மாணவ மாணவியரே, உங்கள் வீட்டிலே பாட்டனும் பாட்டியும் இருந்தால், இன்று மாலை அவர்களருகே அமர்ந்து, பற்கள் எந்த வயதில் எவ்வாறு போயின என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் எமது பாட்டனார் கதையாகவே இருக்கும். பின்னர் கண்ணாடியின் முன் நின்று உங்கள் ஈற்றைப் பாருங்கள். முப்பது வயதிற்கு முன்பு காப்பாற்றிய ஈறே முதுமையிற் பல்லைக் காப்பாற்றுகின்றது என்பதை நமது மலைநாட்டு முதியோரின் வாய்களே காட்டியிருக்கின்றன.

எமது தாயார் இரண்டு முறை சென்று காரையை அகற்றுவித்துக்கொண்டார். ஒரு பல்லை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, எஞ்சியவை நின்றன. இப்பொழுது இரவுச் சாப்பாடு முடிந்ததும், பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தாமும் பிரஷோடு பீலியடியில் நிற்கின்றார். பாட்டனார் தேநீரில் தோய்த்துக் குழைத்து உண்ட ரொட்டியை, அவர் மகள் அறுபது வயதிலும் கடித்து மென்று உண்ணுகின்றார்.